முதலில் நுழைந்த பல் டாக்டர்

கடைத்தெருவில் அவருக்குச் சர்க்கரை என்று பெயர். வியாதியால் வந்த பெயர் இல்லை, வாயால் வந்தது. அடைமழையில் மின்விசிறி விற்கிற வாய். கடையில் கூட்டாளி அவர் மனைவியின் தம்பி. அவனை எல்லோரும் அமுக்குணி என்பார்கள். இன்றைக்குக் கேட்டதற்கு நாளைக்குப் பதில் சொல்கிற ரகம். இந்த இருவரும் டிவி, ரேடியோ விற்கும் கடையை இத்தனை வருஷம் அடிதடி இல்லாமல் நடத்தினார்கள் என்றால், அதற்கு அவர்களுக்குள் இருந்த ஒரு வழக்கம்தான் காரணம்.

புதுச் சரக்கில் எதை எடுப்பது என்று இருவருக்கும் முட்டிக்கொண்டால், மாதிரிக்கு ஒவ்வொன்று வரவழைத்து மேசைமேல் வைப்பார்கள். காலையில் கடைக்குள் முதலில் காலெடுத்து வைக்கிற ஆளிடம் ஆளுக்கு ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எதற்குத் தலையாட்டுகிறாரோ அதுதான் கடைக்கு. தோற்றவர் அப்புறம் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

டிவிடிக்கு அடுத்ததாகப் புதுத் தட்டுகள் வந்தபோதும் அப்படித்தான். ஒன்று எச்டி டிவிடி, இன்னொன்று புளூ-ரே. இரண்டிலும் படம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். ஆனால் இதன் தட்டு அதன் பெட்டியில் ஓடாது. எச்டி டிவிடி பெட்டி விலை மலிவு. மலிவானதுதானே ஜெயிக்கும் என்று சர்க்கரை அந்தப் பக்கம் சாய்ந்தார். அமுக்குணி கொண்டுவந்து வைத்ததோ பிள்ளைகள் விளையாடும் கேம் பெட்டி. அதிலேயே புளூ-ரே தட்டும் ஓடும்.

"என்ன மாப்ள, பொம்மைக் கடை வைக்கப் போறியா?"

"இல்ல அத்தான், இது வந்து..."

அதற்குள் அடுத்த தெருப் பல் டாக்டர் உள்ளே வந்துவிட்டார்.

"வாங்க டாக்டர்! இன்னைக்கு நீங்க வாயைத் திறக்கச் சொல்லவே வேணாம், நானே திறந்துக்கறேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆள் சிரித்தால் பாதி வியாபாரம் முடிந்தது என்பது சர்க்கரையின் கணக்கு. மீதிப் பாதியை, விலையையும் படத்தின் தெளிவையும் சொல்லி முடித்தார்.

அமுக்குணி தொண்டையைச் செருமினான். "டாக்டர், உங்க வீட்டுல ரிமோட் யார் கையில இருக்கும்?"

டாக்டர் யோசிக்க ஆரம்பித்தார். யோசிக்க விட்டால் சர்க்கரை பிழைப்பது எப்படி?

"ஏண்டா, கல்யாணமான மனுஷன்கிட்ட கேக்கற கேள்வியாடா இது!"

டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே எச்டி டிவிடி பெட்டியைக் காட்டினார். கேள்வி அந்தச் சிரிப்போடு போயிற்று.

அமுக்குணி மூச்சு விடவில்லை. கொஞ்ச நாள் கழித்து, "நான் பிரிஞ்சுக்கறேன் அத்தான்" என்றான்.

"தோத்ததுக்கா கோச்சுக்கற?"

"நான் எங்க தோத்தேன்? பேசியிருந்தாத்தானே தோக்கறதுக்கு."

எதிர்ச்சாரியில் சின்னதாக ஒரு கடை போட்டு, கேம் பெட்டியை அடுக்கினான்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். விளையாட என்று கேம் பெட்டி நுழைந்த வீடுகளில் எல்லாம் புளூ-ரேயும் ஓசைப்படாமல் நுழைந்துவிட்டது. வீட்டில் பெட்டி இருக்கிறதே என்று அப்பாக்கள் அந்தத் தட்டையே வாங்கினார்கள். இரண்டிலும் படம் போட்டுக்கொண்டிருந்த பெரிய பட நிறுவனம் ஒன்று புளூ-ரே பக்கம் தாவியது. எச்டி டிவிடிக்காரர்கள் கையைத் தூக்கிவிட்டார்கள். சர்க்கரையின் கடையில் பெட்டிகள் கூரை வரைக்கும் நின்றன.

அன்றைக்குக் காட்டிய பெட்டியையே வாங்கிப் போயிருந்த டாக்டர் வந்தார். சண்டை பிடித்திருந்தால்கூடத் தேவலை.

"பெட்டி நல்லாத்தாங்க ஓடுது. போட்ட படத்தையே போட்டுக்கிட்டு இருக்கேன், புதுசா எதுவும் வரலையே." வாசல்வரை போனவர் திரும்பினார். "அன்னைக்கு உங்க மச்சினன் கேட்டாரே, ரிமோட் யார் கையிலன்னு. என் பையன் கையிலதாங்க. அப்புறம் அவன் அழுது அடம்பிடிச்சு, அந்த கேம் பெட்டியையும் வாங்கிட்டேன்."

சர்க்கரை வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"சரக்கு போனாப் போகுது. என் தம்பி போய்ட்டானே, அதைச் சொல்லுங்க. 'நீ சொல்ல வந்ததைக் கேக்காம விட்டேன், வாடா'ன்னு கூப்பிடுங்க. வந்துருவான். ஊருக்கெல்லாம் பேசற வாய்தானே?"

மறுநாள் சர்க்கரை தெருவைக் கடந்தார். அமுக்குணி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"சொல்லுங்க அத்தான்."

சொல்லத்தான் வாயைத் திறந்தார். "என்ன மாப்ள, நகைக்கடை மாதிரி லைட்டு போட்டிருக்க! பொம்மை விக்கற கடைதானே?"

அமுக்குணி சிரித்தான். சிரித்து முடித்துக் காத்திருந்தான். சர்க்கரை பட நிறுவனம் கட்சி தாவிய கதையை நடித்துக் காட்டினார். மறுபடி சிரித்தான், மறுபடி காத்திருந்தான். தன் கடைப் பெட்டிகளை அடுக்கி வீடு கட்டப்போவதாகச் சொன்னார். அதற்கும் சிரிப்பு. ஒவ்வொரு சிரிப்பு முடிந்ததும் ஓர் இடைவெளி விழுந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் அவர் வாய் முந்திக்கொண்டு இன்னொரு வேடிக்கையைப் போட்டு நிரப்பியது.

ஓர் அம்மாள் கடைக்குள் வந்தார். அமுக்குணி அவரிடம் ஏதோ ஒன்று கேட்டான். அவர் தட்டுத்தடுமாறி நீளமாகச் சொல்லி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சர்க்கரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார்.

"வேற ஒண்ணும் இல்லையா அத்தான்?"

"வேற என்ன மாப்ள? சும்மாதான் வந்தேன்."

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"போனீங்களா? என்ன சொன்னான்?"

சர்க்கரை செருப்பைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"நல்லா சிரிச்சான்" என்றார்.