வடக்குத் தூணருகே ஓர் இடம்

பாயை ஒரு முனையில் பிடித்து உதறி வீச வேண்டும், கால் உள்ளே படக் கூடாது. வடக்குத் தூணருகே பாய் போடும் முறை அதுதான். கூடத்தின் மற்ற இடங்களில் பெண்கள் மண்டியிட்டுப் பவளச் சரளையைக் கையால் சமன்செய்து, தாழைப் பாயின் ஓரங்களை இழுத்துவிட்டு, மேலே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள். இங்கே மட்டும் வீசிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். கோணலாக விழுந்தால் நீண்ட கம்பால் தள்ளிச் சரிசெய்வார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நண்பகலில் அகினேட்டி வீசிய பாய் கோணலாக விழவில்லை. காற்று செத்துக்கிடந்த அந்த வெயிலில் அது மெதுவாக இறங்கி, நான்கு முனையையும் நான்கு பேர் பிடித்துத் தாழ்த்தியதுபோல் நேராகப் படிந்தது.

"பாத்தியாடி, உன்னை அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு" என்றாள் ரூத்தா. சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பாய் விழுந்த வேகத்தில் கிளம்பிய காற்றில் தலைக்குத் தேய்க்கும் வாசனை எண்ணெயின் மணம் இருந்தது. தேங்காய் எண்ணெயில் பூவை ஊறவைத்துக் காய்ச்சுகிற அந்த எண்ணெயை இப்போது ஊரில் யாரும் காய்ச்சுவதில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரூத்தா அகினேட்டியின் பெரியம்மா மகள். மூன்று வாரத்துக்கு முன்பு ஐந்து மாதக் குழந்தையோடு தலைநகர்த் தீவான தராவாவிலிருந்து வந்து இறங்கிய அகினேட்டிக்கு இந்த ஊரில் படுக்க இடம் கொடுத்தது அவள் மட்டும்தான். அகினேட்டியின் அப்பா தெபானோவின் வீடு அங்கிருந்து நாற்பது அடி தூரத்தில் இருந்தது. அம்மா இறந்தபிறகு அவர் தனியாக இருந்தார். மகள் வந்ததிலிருந்து அவர் காயலுக்கு மீன்பிடிக்கப் போகும்போது நேர்வழியை விட்டுக் கோயிலைச் சுற்றிப் போனார். குழந்தையின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. குழந்தையின் பெயர் சலீம். கப்பல் பழுதாகிப் பதினொரு மாதம் துறைமுகத்தில் கிடந்தபோது அவளோடு வாழ்ந்த ஜாவாக்காரன் வைத்த பெயர். வேறு வேதக்காரன், எவ்வளவு வேலை இருந்தாலும் தொழுகையை விடாதவன். கப்பல் சரியானதும் அதோடு போனான். அதன்பிறகு செய்தி இல்லை.

இந்த ஊரின் மனேயபாவில், அதாவது கம்பங்களின் மேல் கவிழ்த்த படகைப் போல் கூரை தாழ்ந்து கிடக்கும் இந்தக் கூடத்தில், யாரும் நினைத்த இடத்தில் உட்கார்ந்துவிட முடியாது. தகப்பன் எந்தத் தூணருகே உட்கார்ந்தானோ அங்கேதான் பிள்ளையும் உட்காருவான். நிலம், கிழங்கு பயிரிடும் குழி, சபையில் பேசும் உரிமை, செத்தால் புதைக்க மண், எல்லாமே அந்த இடத்தோடு வருபவை. அந்தந்த ஆண்டில் பிறந்த குழந்தைகளைக் கிறிஸ்துமஸ் அன்று முதன்முதலாக அவரவர் இடத்தில் உட்காரவைப்பார்கள். தகப்பன் இல்லாத குழந்தையைத் தாயின் தகப்பன் தன் இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அவர் இரண்டு கையையும் நீட்டினால் போதும். நீட்டாவிட்டால் அந்தக் குழந்தை கிழவனானாலும் கூரை விளிம்புக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறவன்தான். இரண்டாம் தேதி கப்பல் தராவாவுக்குத் திரும்புகிறது. நாளை அப்பா கை நீட்டவில்லையென்றால் அதில் ஏறிவிடுவது, பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அகினேட்டி முடிவு செய்திருந்தாள்.

வடக்குத் தூணருகே உட்கார ஆள் இல்லை. ஊரே ஞானஸ்நானம் வாங்கிய காலத்தில் அந்த இடத்துக்காரர்கள் மட்டும் மாட்டோம் என்றார்கள். தங்கள் முன்னோரின் மண்டையோடுகளை எடுத்துக் கழுவி எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவர்களை நான்கு படகுகளில் ஏற்றி அலைக்கு அப்பால் தள்ளிவிட்டார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். 'கிளம்பிப் போனாங்க' என்றுதான் ஊரில் சொல்வது. எங்கே போனார்கள் என்று கேட்டவரும் இல்லை, திரும்பி வந்தவரும் இல்லை. இடத்தை மட்டும் வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கூடத்துக்குள் ஓடித் திரியும் கோழிகூட அங்கே வந்ததும் வளைந்து போகும். மழை பெய்யும் நாட்களில் கூரையின் அந்தப் பகுதி மட்டும் ஒழுகாது என்பதை எல்லோரும் கவனித்திருந்தார்கள்.

இயோத்தேபா உபதேசியார் தெற்கே வேறு தீவுக்காரர். ஜூன் மாதம்தான் மாற்றலாகி வந்திருந்தார். ஒல்லியான, எதையும் அளந்து பார்க்கிற மனிதர். இந்த வருடம் குடிலை வடக்குத் தூணருகே வைக்கலாமே என்று அவர் சபையில் கேட்டார். பாலன் பிறந்த சேதி விட்டுப்போன ஆள் என்று யாரும் இல்லாதபடி எல்லோருக்கும் வந்தது, அப்படியிருக்க நம் கூடத்தில் மட்டும் எதற்கு ஒரு விலக்கப்பட்ட இடம், வெறும் சரளையும் ஒரு பாயும்தானே என்றார். பெரியவர்கள் பதில் சொல்லவில்லை. அவருடைய தீவில் பேசாமலிருந்தால் சம்மதம். இங்கே பேசாமலிருந்தால் மாட்டோம் என்று பொருள். அதை அவர் தெரிந்துகொண்டபோது குடிலுக்குத் தென்னோலை முடைந்தாகிவிட்டது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மாதாவாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்தவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சூசையப்பர் மீன்பிடிக்கப் போய்விட்டார்.

"உபதேசியாரு உன்கிட்ட என்னதான் சொன்னாரு?" என்று ரூத்தா கேட்டாள். இருவரும் கூடத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். சலீம் அகினேட்டியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"மாதாவா நடிக்கிறியான்னாரு. சூசையப்பரா நானே வரேன்னாரு. உனக்குக் குழந்தையும் கைவசம் இருக்குதேன்னாரு."

"கைவசம் இருக்க அது என்ன தேங்காயா? நீயும் சரின்னுட்டியாக்கும்."

"நான் மாட்டேன்னா எனக்காகப் பேச யாரு இருக்கா அக்கா?"

ரூத்தா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அங்க இந்தப் பிள்ளையை வெச்சிட்டு உக்காந்தா அவன் அவங்க ஆளாயிடுவான். புரியுதா? நாளைக்கு எந்தக் கணக்குல உக்காரவெச்சேன்னு யாரும் பார்க்க மாட்டாங்க. நாடகம்னு சொன்னா செத்தவங்களுக்குப் புரியுமா?"

"அப்பா எடுத்துக்குவாரு. அதுக்கு முன்னாடி எடுத்துக்குவாரு."

"உங்கப்பாவா? உங்கப்பாவோட அந்தப் பெரிய கிழங்குக் குழி யாரோடதுன்னு நினைச்சே? அவங்களோடது. படகைத் தள்ளினதுல முதல் கை உன் கொள்ளுத் தாத்தாவோடது. ஊர்ல கேட்டுப் பாரு. கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

மறுநாள் பூசை முடிந்து, சோறும் பன்றிக்கறியும் கிழங்குக் களியும் சாப்பிட்டு, வெயில் சாய்வதற்கு வெகுமுன்பே நாடகம் தொடங்கியது. மாதாவும் சூசையப்பரும் ஒவ்வொரு இடமாகப் போய்த் தங்க இடம் கேட்பதும், அந்தந்த இடத்துப் பெரியவர் தன் வாய்த்திறமையைக் காட்டி இல்லை என்பதும்தான் இந்த ஊர் நாடகத்தில் எல்லோரும் காத்திருக்கிற பகுதி. கழுதையைப் பார்த்தவர் யாரும் தீவில் இல்லாததால் உபதேசியாரின் சைக்கிளுக்கு ஓலையில் காது கட்டிக் கூரை விளிம்பில் நிறுத்தியிருந்தார்கள்.

"எங்க இடத்துல ஏற்கெனவே பதினாலு பேரு. என் மாமியாரே காலை மடக்கிக்கிட்டுத் தூங்குறா" என்றார் முதல் இடத்துக்காரர். கூடம் சிரித்தது. அடுத்தவர் சைக்கிளைப் பார்த்து, "கழுதையை விட்டுட்டுப் போங்க, நாங்க நல்லாப் பாத்துக்கிறோம். நீங்க கிளம்புங்க" என்றார். மூன்றாமவர் உபதேசியாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தெக்கத்தி ஆளுங்களை உள்ள விட்டா மீனையெல்லாம் தின்னுட்டு ஜெபம் சொல்லுவாங்க" என்றார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் உபதேசியார்தான். அகினேட்டியும் சிரித்தாள். சலீம் விழித்துக்கொண்டு, அவள் தோளில் கன்னத்தை வைத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறாவதாக அப்பாவின் இடம் வந்தது. அங்கே வேறு ஆண்கள் இருந்தார்கள், சித்தப்பாக்கள், அவர்களின் பிள்ளைகள். எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெபானோ தூணில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்று வாரத்தில் முதன்முறையாக அவர் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்தாள். மெலிந்திருந்தார்.

"பெரியவரே, இந்தப் பொண்ணுக்கும் பிள்ளைக்கும் கொஞ்சம் இடம் கிடைக்குமா?" என்று கேட்டார் உபதேசியார்.

"பிள்ளை யாரோடது?"

நாடகத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. சிரிக்கக் காத்திருந்த வாய்கள் மூடிக்கொண்டன. உபதேசியார் ஒருகணம் தடுமாறி, பிறகு நாடகத்துக்குரிய பதிலையே பிடித்துக்கொண்டார். "ஆண்டவரோடது பெரியவரே."

"அப்ப ஆண்டவர்கிட்டயே கேளு" என்றார் தெபானோ. அவர் மகளையோ குழந்தையையோ பார்க்கவில்லை. "இங்க இடமில்ல."

நாடகத்தின் வசனம் என்னவோ அதுதான். ஒவ்வொருவரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அவள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. கூடத்தில் எல்லோருக்கும் அப்படியே விழுந்தது என்பது, பக்கத்து இடத்துப் பெண்கள் குனிந்து பாயின் ஓரத்தை இழுத்துவிட்டதில் தெரிந்தது. கப்பலில் கொண்டுபோக வேண்டியவற்றை அவள் மனம் தானாகவே எண்ணத் தொடங்கியது. இரண்டு பாய், குழந்தையின் துணி, ஒரு பானை.

வடக்குத் தூணை நோக்கி நடந்தார்கள். பாயின் விளிம்பு வந்ததும் உபதேசியார் நின்றுவிட்டார். சரளையும் பாயும்தானே என்று சொன்ன மனிதர், குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ முதல்ல போம்மா" என்றார் மெதுவாக. கூடத்துக்குள் சுருண்டு கிடந்த நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்து வெளியே போய் வெயிலில் உட்கார்ந்தன. அகினேட்டி பாயில் கால் வைத்தாள்.

சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கூட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் புதிதாக வந்தவருக்கு இடம் விட்டு, உட்கார்ந்தபடியே சற்றுச் சற்று நகரும்போது பாய்க்கு அடியில் சரளை நெரிபடுமே, அந்தச் சத்தம். இடப்புறம் தொடங்கி, பாயின் கடைசிவரை போய் ஓய்ந்தது. அவள் உட்கார்ந்தாள். பாய் சூடாக இருந்தது. வெயில் அந்தப் பக்கம் எட்டுவதில்லை. இது வெயிலின் சூடு அல்ல. அதுவரை அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் அப்போதுதான் எழுந்து இடம் விட்டுப்போன சூடு.

ரூத்தாதான் சம்மனசு, சேதி கொண்டுவரும் தேவதூதர். வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு பிஸ்கட் பெட்டியின் மேல் ஏறி நின்றவள், பயப்படாதீர்கள் என்ற சொல்லை இரண்டு முறை சொன்னாள். ஒரு முறைதான் சொல்ல வேண்டும். நல்ல சேதி எல்லோருக்கும் என்று வரும்போது இடையர்களைப் பார்ப்பதற்குப் பதிலாக அகினேட்டியைச் சுற்றிக் கிடந்த வெறும் பாயைப் பார்த்துச் சொன்னாள். குரல் பாதியில் உடைந்து, சின்னப் பெண்ணுடையதைப்போல் முடிந்தது. இடையர்கள் எழுந்தார்கள், நாலடி நடந்தார்கள், நின்றார்கள். அதற்குமேல் வரவில்லை. உபதேசியார் பாய்க்கு வெளியே மண்டியிட்டு ஜெபத்தை முடித்துவைத்தார்.

பிறகு அந்த ஆண்டுக் குழந்தைகளை உட்காரவைத்தார்கள். மூன்று பேர். ஒவ்வொரு தகப்பனும் பெயரைச் சொல்லி, தன் இடத்தில் இறக்கி, தலையில் எண்ணெய் தொட்டு வைத்தான். மூன்றாவது முடிந்ததும் எல்லோரும் அகினேட்டியைப் பார்த்தார்கள். எழுந்து வெளியே போக வேண்டிய நேரம் அது. அவள் எழுந்திருக்க நினைத்தாள். யாரும் பிடித்து வைக்கவில்லை. ஆனால் நெருக்கமான பந்தியில் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்போது எழுந்திருக்க முடியாமல் இருக்குமே, அப்படி இருந்தது. பயமாக இருந்தது என்று பிறகு சொல்லிக்கொள்ள முடியாதபடி, கதகதப்பாகவும் இருந்தது.

சலீம் அவள் கையில் அசையாமல் இருந்தான். புது ஆட்களைக் கண்டால் கதறுகிற பிள்ளை. இப்போது தலையை இடதுபக்கம் திருப்பி, காற்றில் ஓர் இடத்தை உற்றுப் பார்த்தான். புருவத்தை உயர்த்தினான். பிறகு பார்வை கொஞ்சம் நகர்ந்து நின்றது. மறுபடி நகர்ந்து நின்றது. பிறந்த குழந்தையைச் சொந்தக்காரர்கள் வரிசையாகக் குனிந்து பார்க்கும்போது அது ஒவ்வொரு முகமாகப் பார்க்குமே, அதுபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது. தாழ்வாக ஓரிடத்தில், இன்னொரு குழந்தையின் உயரத்தில், வெகுநேரம் நின்றது. சிரித்தான். இந்த ஊருக்கு வந்தபிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல்முறை.

கூடத்தின் மறுபக்கத்தில் சரளை நெரிந்தது. தெபானோ எழுந்திருந்தார். சித்தப்பா ஒருவர் அவர் முழங்காலைப் பிடித்து, "அண்ணே, உக்காரு" என்றார். அவர் அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, யாரும் உட்காராத நடுப்பகுதி வழியாக நேராக வந்தார். அவர் கண்கள் குழந்தையின் கண்களின் மேலேயே இருந்தன; அது பார்த்த இடங்களையெல்லாம் அவரும் பார்த்தார். பாயின் விளிம்பில் நின்றார். மகள் உட்கார்ந்திருந்தது பாயின் நடுவில். அவளிடமிருந்து பிள்ளையை வாங்க நேராக நாலு அடி. இடையில் யாரும் இல்லை.

உட்கார்ந்திருப்பவர்களின் ஊடே போகிறவர் இங்கே குனிந்துதான் போக வேண்டும். வலது கையைத் தாழ்த்தி முன்னால் நீட்டி, வழி கேட்டுக்கொண்டு போக வேண்டும். தெபானோவுக்கு மற்றவர்கள் அப்படிச் செய்துதான் அகினேட்டி பார்த்திருக்கிறாள். அவர் முதுகு மெல்ல மெல்ல வளைந்தது. கை முன்னால் நீண்டது.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றார் அவர். மகளிடம் அல்ல.

பிறகு ஒரு காலைத் தூக்கி, யாருடைய முழங்காலிலும் பட்டுவிடாதபடி பார்த்துப் பாயில் வைத்தார். அடுத்த காலைத் தூக்கினார். அதை வைக்க இடம் தெரியாமல், குனிந்த முதுகோடு, ஒற்றைக் காலில் காத்துக்கொண்டு நின்றார்.