ஆறாவது கவுன்

"அந்தப் பெட்டியத் தொறக்காத ரோண்டா! தொறந்தா ஒத்துக்கிட்டதா அர்த்தம்!" என்று கர்ட் கத்தினான்.

அதற்குள் அவன் மனைவி திறந்துவிட்டாள். சமையலறை மேசைமேல் ரோஜா நிற அட்டைப்பெட்டி. உள்ளே இரண்டு சாக்லேட், ஒரு கண்ணாடிக் கோப்பை, 'மன அழுத்தம் போக்கும்' என்று எழுதிய மெழுகுவத்தி, தங்க எழுத்தில் ஒரு அட்டை: 'என் கல்யாணத்தில் தோழியாக நிற்பாயா?' அனுப்பியவள் ரோண்டாவின் தங்கை ப்ரியெல். பெட்டியின் அடியில் ஒரு தாள். அந்த அழுத்தம் எங்கிருந்து வரப்போகிறது என்ற விவரம் அதில் இருந்தது. கவுன் முந்நூற்றிருபது டாலர், செருப்பு தொண்ணூறு, தலை அலங்காரம் நூற்றைம்பது, கல்யாணத்துக்கு முன் நாஷ்வில் நகரத்தில் தோழிகளோடு மூன்று நாள் கும்மாளம் ஆளுக்கு எண்ணூறு. மணப்பெண்ணின் பங்கையும் தோழிகளே பிரித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் டொலீடோவில் வரதட்சணை கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. நாங்கள் நாகரிகமானவர்கள். மணப்பெண்ணின் சிநேகிதிகளிடம்தான் வாங்குவோம்.

ரோண்டா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். இதுவரை ஐந்து பேருக்குத் தோழியாக நின்றிருக்கிறாள். வேறெங்கும் உடுத்த முடியாத நிறங்களில் ஐந்து கவுன்கள் அலமாரியில் தொங்கின. அந்த ஐந்தில் மூன்று கல்யாணங்கள் விவாகரத்தில் முடிந்துவிட்டன. கிரெடிட் கார்டு கடன் மட்டும் அவளைப் பிரியாமல் குடித்தனம் நடத்தியது. சனிக்கிழமைகளில் மளிகைக்கடையில் வேலைக்கு நின்று, இரண்டு வருஷத்தில் பதினோராயிரத்தை மூவாயிரமாகக் குறைத்திருந்தாள். கவலையில், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்துக் கடித்து, வலது கடைவாய்ப்பல் விரிசல் விட்டுவிட்டது. அவளுடைய டாக்டரே பார்த்துவிட்டு, "டென்ஷனக் குறைச்சுக்கம்மா" என்றார். பல்லுக்கு உறை போட, ஊழியர் சலுகை போக ஆயிரத்து இருநூறு என்றும் அதே மூச்சில் சொன்னார். கடன் தீர்ந்ததும் முதல் வேலை அந்தப் பல்தான் என்று, பாவம், இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள்.

கார்டை வெட்டிப்போட மனம் வரவில்லை. ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றி, உள்ளே கார்டைப் போட்டு ஃப்ரீசரில் உறைய வைத்திருந்தாள். எதையாவது வாங்க ஆசை வந்தாலும் கட்டி உருகுவதற்குள் போய்விடும் அல்லவா? எங்கள் ஊரில் பல வீடுகளில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கார்டு தூங்குகிறது.

மாலையில் அம்மா லோர்னா வந்து இறங்கினாள்.

"மூவாயிரமெல்லாம் ஒரு கடனாடி? எனக்கு ஒம்பதாயிரம் இருக்கு. நான் சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"என்னால முடியலம்மா. சும்மா விருந்தாளியா வர்றேனே."

"கூடப் பொறந்தவ பின்வரிசையில உக்காந்தா சர்ச்சுல நாலு பேரு என்ன பேசுவாங்க? கையில காசில்லன்னு நெனச்சிருவாங்க!"

"இல்லதானேம்மா."

"இல்லாதது வேற, இல்லன்னு வெளிய தெரியறது வேற!"

சொல்லிக்கொண்டே ஃப்ரீசரைத் திறந்து டப்பாவை எடுத்தாள். "வெந்நீர்ல வெச்சா பத்து நிமிஷம். ஞாயித்துக்கிழம ப்ரியெல் விருந்துக்கு வர்றப்ப கார்டோட வா."

ரோண்டா டப்பாவை மெதுவாக வாங்கித் திரும்ப உள்ளே வைத்தாள். "சரிம்மா, கார்டோடவே வர்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ப்ரியெல் தோழிகளுக்கு விருந்து வைத்தாள். வைத்தாள் என்றால், எந்த ஓட்டல் என்று சொன்னாள். ரோண்டாவோடு சேர்த்து ஆறு தோழிகளும், அம்மா லோர்னாவும் வந்தார்கள். மேப்பிள் பாகு வழியும் வாஃபிள், ஷாம்பெயின் கலந்த ஆரஞ்சுச் சாறு, நாஷ்வில்லில் போட ஒரே மாதிரித் தொப்பி என்று மேசை அமர்க்களப்பட்டது. ரோண்டா காப்பி மட்டும் குடித்தாள்.

பில் வந்தது. "பொண்ணோடதையும் என்னோடதையும் சேத்து ஆறாப் பிரிச்சிருங்க" என்றாள் லோர்னா, பெரிய மனதோடு.

ஐந்து கார்டுகள் தட்டில் விழுந்தன. பரிசாரகர் அவற்றை எடுத்துக்கொண்டு ரோண்டாவைப் பார்த்தார். அவள் மதிய உணவுப் பையிலிருந்து பனிக்கட்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். உள்ளே கார்டு நீலமாகத் தெரிந்தது.

"என்னக்கா இது?" ப்ரியெலின் முகம் வெளுத்துவிட்டது.

"என் பங்கு. உருகட்டும், அதுக்கு நேரமாகும்." பணப்பையிலிருந்து ஐந்து டாலர் எடுத்துக் காப்பிக் கோப்பைக்கு அடியில் செருகினாள். "என் காப்பிக்கு இது. கல்யாணத்துக்குக் கண்டிப்பா வருவேன் ப்ரியெல். கடைசி வரிசையில உக்காந்து மனசார வாழ்த்துவேன். கவுனுக்கென்ன, வீட்டுல அஞ்சு இருக்கு."

"மானத்த வாங்கிட்டியேடி பாவி!" என்றாள் லோர்னா பல்லைக் கடித்துக்கொண்டு.

பரிசாரகர் திரும்பி வந்தார். குனிந்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மன்னிக்கணும். இதுல மூணு கார்டுல பணம் எடுக்க முடியல."

யார் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்து பேரும் தொப்பிகளைக் குனிந்து பார்த்தார்கள். லோர்னா வீறாப்பாகத் தன் கைப்பையைத் திறந்தாள். ஏதோ நினைத்துக்கொண்டு மெதுவாக மூடினாள்.

ப்ரியெலின் கல்லூரிச் சிநேகிதி டெஸ்ஸா அந்தப் பனிக்கட்டியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ரோண்டாவின் காதருகே சாய்ந்து கேட்டாள்:

"ஏங்க, ஒரே டப்பாவுல நாலு கார்டு போட்டாலும் ஒறையுமா?"