எருக்குழியில் விருந்தாளிகள்

எழுந்தேன். பல் தேய்த்தேன். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினேன். பால் கறந்தேன். மாடி அறையில் புது விரிப்பு போட்டேன். இரண்டு தலையணை. ஜன்னலைத் திறந்தேன். மலை இருந்தது.

அன்று வரவிருந்த தம்பதிதான் கடைசி. பண்ணையில் வந்து தங்குபவர்களை என் மனைவிதான் பார்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு எனக்கு முடியவில்லை. இவர்கள் கிளம்பியதும் மாடியைப் பூட்டிவிட்டு நகரத்துக்குப் போய்விடுவதாக மாமனாரிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் முதல் என் தட்டில் மட்டும் கூடுதலாக ஒரு முட்டை விழுந்தது.

பாலை ஊருக்குள் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது சாப்பாட்டு அறையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். படிய வாரிய தலை, தேய்த்த உடை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு வைக்கட்டுமா?"

"போதும்மா. வேலையைக் காட்டுனீங்கன்னா ஆரம்பிச்சிடுவோம்" என்றார் அவர்.

"நல்லா இருக்கே! மொதல்ல ரெஸ்ட் எடுங்க. மாடியில மெத்தை போட்டிருக்கு."

அந்த அம்மாள் கணவரை இடித்தாள். "என்னங்க, மெத்தைங்கிறாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. எரு அள்ள அன்று புதிதாக இரண்டு பேர் வருவதாக இருந்தது. கொல்லைக்கு ஓடினேன்.

எருக்குழியில் முழங்கால்வரை நின்றார்கள், மூக்குக்கண்ணாடி போட்ட வங்கி அதிகாரியும் அவர் மனைவியும். 'பழைய துணியோடு வாருங்கள்' என்று இணையத்தில் எழுதியது நான்தான். கரையில் நின்று மாமனார் விரட்டிக்கொண்டிருந்தார்.

"மண்வெட்டிய இப்படியா புடிப்பாங்க, தாலாட்டுற மாதிரி? இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?"

"பேங்க்லங்க."

"அதான் பாத்தேன்."

"மாமா, இவங்க நம்ம விருந்தாளிங்க" என்றேன்.

மாமனாருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. குழிக்குள் இறங்கி மண்வெட்டியைப் பிடுங்கப் பார்த்தார். அதிகாரி விடவில்லை.

"சும்மா இருங்க பெரியவரே, இன்னும் பாதி குழி பாக்கி இருக்கு."

"வீட்ல ஒரு டம்ளர எடுத்து வச்சதில்ல இந்த மனுஷன்!" என்றாள் மனைவி. சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது அவளுக்கு. "அடுத்த லீவுக்கும் எங்களுக்கு ரூம் வேணும். எங்க அண்ணனையும் இழுத்துட்டு வரேன். அவனுக்கு இவரைவிடப் பெரிய தொப்பை."

அதற்குள் வேலைக்கு வந்தவர் வாயில் ரொட்டியோடு வந்து நின்றார். "எங்க வேலைய இவங்க பாத்தா, நாங்க போய் மெத்தையில படுக்கவா?"

எனக்கு விலா வலித்தது. சிரிப்பதால் என்று சற்றுப் பிறகுதான் தெரிந்தது.

அவர் பின்னாலேயே வந்த மச்சினி வெண்ணெய்க் கத்தியோடு என்னையே பார்த்தாள். "என்ன அத்தான், ரூம் இருக்குன்னு சொல்லவா, இல்லன்னு சொல்லவா?"

"இருக்கு" என்றேன். "வரச் சொல்லு."

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எருக் கையாலேயே. "எம்பொண்ணு கடைசியா சொன்னதும் அதுவாத்தான் இருக்கும், இல்ல மாப்ள? வீட்டைப் பூட்டிடாதீங்கன்னு."

"ஆமா மாமா."

ஆஸ்பத்திரியில் அப்போது பக்கத்தில் இருந்தது நான் மட்டும். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டோரம் சிரிப்பு. பிறகு சொன்னாள்:

"சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க."