மூன்றாவது சரணத்து நாய்

அமெரிக்காவில் மெதுவாக்கப்படாத குஷிப் பாட்டு இனி ஒன்றுகூட மிச்சமில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பர்பேங்கில் சினிமா டிரெய்லர் வெட்டும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகப் பாட்டுத் தேடித் தருகிறவள் நான், மார்லீன் ஃபஸ்கோ. சூப்பர்ஹீரோ படமென்றால் எங்களிடம் ஒரே வைத்தியம்தான். ஊரே ஆடித் தீர்த்த பழைய பாட்டு ஒன்றைப் பிடி. அதன் வேகத்தில் முக்கால்வாசியைப் பிடுங்கு. மூச்சுத் திணறுகிற மாதிரி ஒரு பெண்ணைப் பாட வை. பின்னால் பியானோவில் ஒற்றை விரல், இரண்டு வரிக்கு ஒரு 'தொம்', திரையில் எரிகிற நகரம். முதன்முதலில் இதைக் கேட்டு ஜனங்களுக்கு மெய்சிலிர்த்தது நிஜம். அப்புறம் தெருவிலுள்ள எல்லாக் கம்பெனியும் அதையே பிடித்துக்கொண்டது. போன மாதம் பற்பசை விளம்பரப் பாட்டைக்கூட அழவைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை என் முதலாளி பிரைஸ் ஹால்டேன் வந்து என் மேஜைமேல் உட்கார்ந்தான். வயது முப்பத்தொன்று. ஆபீசுக்குள் செருப்பே போடமாட்டான். தரையின் சக்தி உடம்பில் ஏறவேண்டுமாம்.

"மார்லீன், 'கேப்டன் கருங்கல்' படத்துக்கு நீங்க குடுத்த மூணு பாட்டையும் ஸ்டூடியோ வேண்டாம்னுட்டாங்க. எதிர்த்தெருக் கம்பெனிக்காரனும் இதே படத்துக்கு டிரெய்லர் வெட்றான். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு சிக்கணும்."

"சிக்கலைன்னா?"

"உங்களுக்குக் கேரட் கேக்குதானே பிடிக்கும்?"

எங்கள் ஆபீசில் பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவதில்லை. வேலையை விட்டு அனுப்புகிற அன்றைக்கு மட்டும்தான் வாங்குவார்கள். ஐம்பத்தாறு வயதில் என்னை வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்? பாட்டுத் தேடுவதைத் தவிர எனக்கு வேறு ஒரு மண்ணும் தெரியாது.

கடவுள் அன்று மத்தியானம் கார் கழுவுகிற இடத்தில் காட்சி கொடுத்தார். வண்டி நுரைக்குள் இருந்தபோது அங்கிருந்த ஓட்டை ரேடியோவில் ஒரு பாட்டு. பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியமும் கைதட்டலுமாக ஒரு ஆண் குரல்: என் நாய் பஸ் ஏறிப் போயிடுச்சு, வாயில என் ஒத்தைச் செருப்பு. யாரும் தொடாத பாட்டு! வண்டி வெளியே வந்ததும் ஒரே ஓட்டமாக ஆபீசுக்கு வந்துவிட்டேன்.

மறுநாளே அதை மெதுவாக்கி, எரிகிற நகரத்துக்கு மேலே போட்டு அனுப்பினோம். கேப்டன் கருங்கல் இடிந்த பாலத்தைத் தோளில் தாங்குகிறார், பெண் திணறுகிறாள்: "என்... நாய்... பஸ்..." தொம்! ஸ்டூடியோத் துணைத்தலைவி பார்த்துவிட்டு அழுதே விட்டாளாம்.

"பஸ்ங்கிறது மரணம், மார்லீன்," என்றான் பிரைஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"செருப்பு?"

"அமெரிக்கா."

இனி, பாட்டு எழுதியவரிடம் சம்மதம் வாங்கவேண்டும். கல்யாணத்தை முடித்துவிட்டுப் பெண் கேட்கப் போகிற வழக்கம் எங்கள் தொழிலில் மட்டும்தான் உண்டு. எழுதியவர் பெயர் வெர்லின் ஸ்டோக்ஸ், எண்பத்துநாலு வயது, பாம்டேலில் வண்டிவீடுகள் நிற்கிற ஒரு பேட்டையில் தனியாக இருக்கிறார். போனை எடுக்கவில்லை. புதன்கிழமை நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

வாசல் கொட்டகையில் மின்விசிறிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஐஸ் டீ கொடுத்தார். என் போனில் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"இந்தப் பொண்ணுக்கு ஆஸ்துமாவாம்மா?"

"இல்ல மிஸ்டர் ஸ்டோக்ஸ், இப்ப இதான் ஸ்டைல். உங்க பாட்டுன்னா எனக்கு உசிரு."

"அப்படியா! மூணாவது சரணத்துல என்ன நடக்குது, சொல்லுங்க?"

டிரெய்லருக்கு முதல் சரணம் போதும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்டதில்லை. தெருவில் யாருமே கேட்டதில்லை.

"நாய்... ரொம்ப தூரம் போயிடுது?"

அவர் எழுந்து உள்ளே போய் வலைக்கதவைச் சாத்தினார். "குடிச்சிட்டு டம்ளரை அங்கயே வெச்சிட்டுக் கிளம்புங்கம்மா."

அவமானம் பிடுங்கித் தின்றது. காருக்குள் போய், கொதிக்கிற வெயிலில் உட்கார்ந்து, அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். பிறகு போய்க் கதவைத் தட்டினேன்.

"ஆறு மணி பஸ்ல திரும்பி வந்துடுது. வாயில அதே செருப்பு. தெருவே கைதட்டுது."

கதவு திறந்தது. "அந்தச் சரணம் இல்லாம என் பாட்டு கிடையாது. நாய் போனா நாய் வரணும். இல்லேன்னா நீங்க யாராயிருந்தாலும் நடையைக் கட்டுங்க."

பிரைஸுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் தையாதக்கா என்று குதித்தான்.

"டிரெய்லர்ல முடிவைச் சொல்லவே கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? நம்ம மொத்த நீளமே ரெண்டரை நிமிஷம். இந்த வேகத்துல மூணாவது சரணம் வர ஒம்பது நிமிஷம் ஆகும்! அதோட படத்துல நாயே இல்ல, மார்லீன்!"

"கத்தாதே பிரைஸ். கடைசியில துக்கடா இருக்குல்ல?"

படத்தின் பெயர் வந்து முடிந்த பிறகு, ஹீரோ தும்முவது மாதிரி ஒரு சின்னத் தமாஷ் வைப்போமே, அதைத்தான் சொன்னேன். அந்த ஏழு விநாடியில் மூன்றாவது சரணத்தின் முதல் வரி, அதன் சொந்த வேகத்தில். பஸ், நாய், செருப்பு.

வியாழக்கிழமை ஆலிவ் அவென்யூவில் ஒரு வாடகை பஸ்ஸை நிறுத்திப் படம் பிடித்தோம். நாய், எங்கள் வரவேற்புப் பெண்ணுடையது, பெயர் ஊறுகாய். செருப்புக்குத்தான் திண்டாட்டம். முதலாளி வெறுங்காலோடு நடந்தால் மற்றவர்கள் போடுவார்களா? மொத்த ஆபீஸும் ஜால்ரா, மொத்த ஆபீஸும் வெறுங்கால். கடைசியில் என் செருப்பைத்தான் கழற்றிக் கொடுத்தேன். ஊறுகாய் அதைக் கவ்விக்கொண்டு பதினோரு தடவை இறங்கியது. அதற்குப் பிறகு அந்தச் செருப்பைத் திருப்பித் தரவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளெண்டேலில் ஒரு தியேட்டரில் முந்நூறு பேருக்குப் போட்டுக் காட்டி அபிப்பிராயம் கேட்டார்கள். ஸ்டோக்ஸ் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று என்னோடு வந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். பின்வரிசையில் பிரைஸ், மடியில் ஒரு கேக் பெட்டி. பாவி, வாங்கியே விட்டான்.

விளக்கு அணைந்தது. நகரம் எரிந்தது. பெண் திணறினாள். தொம், தொம். முந்நூறு பேரும் மாடு அசைபோடுகிற மாதிரி சோளப்பொரி தின்றார்கள். பெயர் வந்தது, இருட்டானது. செத்தோம் என்று நினைத்தேன்.

பாஞ்சோ. பஸ் கதவு திறந்தது. ஊறுகாய் இறங்கியது.

"வந்துட்டான்டா!" என்று முன்வரிசையில் ஒரு தடியன் எழுந்து நின்று கத்தினான். அவ்வளவுதான், கொட்டகையே எழுந்துவிட்டது. விசில், கைதட்டல், முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கேப்டன் கருங்கல்லைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்ற கேள்விக்கு இருநூற்றுச் சொச்சம் பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: அவர் அந்த நாயை நன்றாகப் பார்த்துக்கொள்வாரா?

ஸ்டூடியோ அங்கேயே முடிவெடுத்துவிட்டது. படத்தில் நாயைச் சேர்க்கவேண்டும். பாலத்தை இனி நாயும் சேர்ந்து தாங்கும். பிரைஸ் என்னிடம் ஓடிவந்தான்.

"மார்லீன், கேக்ல உங்க பேரை வழிச்சிட்டு ஊறுகாய்னு எழுதச் சொல்லிட்டேன். திங்கட்கிழமை வாங்க, எதிர்த்தெருக்காரன் இப்பவே பூனைப் பாட்டுத் தேடுறானாம்!"

வேலை தப்பியது. காரில் ஏறியதும் ஸ்டோக்ஸ் சம்மதக் காகிதத்தை முழங்கால்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பாம்டேல் சாலையில் நல்ல வெயில். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நிஜமாவே அப்படி ஒரு நாய் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. பேரு டியூக்."

"ஆறு மணி பஸ்லதான் வந்துச்சா?"

அவர் காகிதத்தை நாலாக மடித்தார்.

"வரலம்மா. மூணு வருஷம் தினம் அந்த ஸ்டாப்புல போய் நின்னேன். அப்புறம்தான் மூணாவது சரணம் எழுதினேன்."

நான் அவருடைய பாட்டை முதலிலிருந்து போட்டேன். கடைசிச் சரணம் வந்ததும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது பஸ்ஸை விட்டு இறங்கினதை இன்னிக்குத்தான் பார்த்தேன்," என்றார்.