பக்கத்து இருக்கைக்காரன்

திலீப் தன் காதலைச் சொன்ன விதத்தை இனியா யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன் சிராங்கூன் சாலையில், நகைக்கடைக்கு எதிரே, பச்சை விளக்குக்காகக் காத்து நின்றபோது, "இனியா, நாம பி.டி.ஓ. போடலாமா?" என்று கேட்டான். பூ இல்லை, மோதிரம் இல்லை. இன்னும் அஸ்திவாரம்கூடப் போடாத ஒரு வீவக வீட்டுக்கு, அரசாங்கம் கட்டித் தரும் அடுக்குமாடி வீட்டுக்கு, இருவர் பெயரையும் சேர்த்து விண்ணப்பிக்கலாமா என்றுதான் கேட்டான். ஆனால் இந்த ஊரில் ஒருவன் தன் மனதை அதைவிடத் தெளிவாகத் திறந்து காட்ட முடியாது. விளக்கு பச்சையாகி மறுபடியும் சிவப்பாகும்வரை அங்கேயே நின்றுவிட்டு, "போடலாம்" என்றாள் இனியா.

அந்த வீடு இப்போது செம்பவாங்கில் எழுந்து நின்று, வெள்ளையடித்து, சாவிக்காகக் காத்திருந்தது. சாவி கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் திருமணத்தைப் பதிவு செய்து சான்றிதழைக் காட்டவேண்டும். திலீப் மருத்துவமனையில் அவசரப் பிரிவுத் தாதி. இனியா அப்போதுதான் விமானியாகத் தேறி வந்தவள். இரண்டு பேருடைய வேலை நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எங்கே இடைவெளி விழுகிறதோ அங்கே காதலித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று தேக்கா சந்தைக் கடையில் மதியச் சாப்பாடு. இனியாவின் கைப்பேசியில் இரண்டு வேலைக்கான அழைப்புகள் இருந்தன. அதில் ஒன்றுக்கு மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"என்னப்பா, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு? நைட் டியூட்டியா?" என்று பிரியாணித் தட்டை வைத்தபடி கேட்டாள் கடைக்கார ரஷீதா அக்கா.

"ஆமாக்கா. தூங்காம நேரா வந்துட்டேன். இவ ஒரு நல்ல சேதி இருக்குன்னா."

"பைலட்டம்மா சொல்ற சேதின்னா பெருசாதான் இருக்கும். எனக்கும் சொல்லு."

இனியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஜெட் கம்பெனிய எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். இங்கேயே சாங்கி ஏர்போர்ட்லதான் வேலை. ட்ரெய்னிங் எப்போன்னு அவங்களே கூப்பிட்டுச் சொல்லுவாங்க, கொஞ்சம் காத்திருக்கணும், அவ்வளவுதான். கல்யாணம், வீடு எல்லாம் பிளான் பண்ண மாதிரியே நடக்கும். ஒரு பிரச்சினையும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ரஷீதா அக்கா ஒரு முட்டையை இலவசமாகத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

திலீப் முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கரு பெரிதாக இருந்த பாதியை அவள் பக்கம் தள்ளினான். சந்தோஷமாக இருப்பவன் முகம் அப்படி இருக்காது என்பது இனியாவுக்குத் தெரிந்தது. தெரியாதது போலச் சாப்பிட்டாள்.

"உன் அப்பா பஸ் எப்ப வரும்?" என்று கேட்டான் கடைசியில்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல ரோட்டுக்கு வந்துடும். ஏன்?"

"செம்பவாங் போய் வீட்டை வெளியில இருந்து பாத்துட்டு வரலாம். ஈசூன் வரைக்கும் அவர் பஸ்ஸுல போயிடலாம்."

இனியாவின் அப்பா தங்கராஜு ஈரடுக்குப் பேருந்து ஓட்டுகிறவர். இந்த ஊரில் அந்த வேலைக்குப் பெயரே பஸ் கேப்டன். மகள் விமானப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து, "வீட்டுல ஏற்கெனவே ஒரு கேப்டன் இருக்கேன், நீ ரெண்டாவது" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஜெட் கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்ட அன்றே, வேலை கிடைத்துவிட்டதாகவே டிப்போ முழுக்கச் சொல்லியும் விட்டார்.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்ததும் தங்கராஜு மருமகனாகப் போகிறவனைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஆனால் பேசவில்லை. வண்டியில் ஏறிவிட்டால் மகளிடம்கூட அவர் பேசமாட்டார். மேலே போங்கள் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மேல்தட்டில் முன்வரிசை காலியாக இருந்தது. முன்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் சிராங்கூன் சாலை முழுவதும் கீழே விரிந்து கிடந்தது. இனியா பழக்கதோஷத்தில் வலது ஓர இருக்கையில் போய் உட்கார்ந்தாள். புது விமானிக்கு அதுதான் இடம். நடைபாதைக்கு அந்தப் பக்கம், இடது ஓரத்தில் திலீப் உட்கார்ந்தான்.

"அது கேப்டன் சீட்டு" என்றாள்.

"தெரியும். அதான் உக்காந்தேன்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "இனியா, கடையில என்கிட்ட சொன்னியே, அது என்ன குரல்?"

"என்ன குரல்?"

"ரெண்டு வருஷமா போன்ல எத்தனை தடவை அந்தக் குரல நான் கேட்டிருக்கேன்? லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், லேசா ஆட்டம் இருக்கும், பெல்ட்ட போட்டுக்குங்க, கவலைப்பட ஒண்ணும் இல்ல. அதே குரல்தான். அப்படியே பயணிங்களுக்குச் சொல்ற அறிவிப்பு."

இனியாவுக்குக் காது மடல் சூடானது. விமானப் பள்ளியில் அறிவிப்புப் பயிற்சிக்கு ஆள் கிடைக்காமல், இவனைத்தான் பிடித்து வைத்துப் பேசிப் பழகினாள். இரவு வேலையில் இடைவேளை கிடைக்கும்போதெல்லாம், ரொட்டியைக் கடித்துக்கொண்டே நூறு பயணிகளுக்கு இவன் ஒருவனாக நடித்தான். அப்போது அவளே அவனுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். பயணிகளிடம் பேசும்போது மனதுக்கு இதமான பாதியை மட்டும் சொல்லவேண்டும். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் பேசும்போது கெட்டதை முதலில் சொல்லவேண்டும். எரிபொருள் குறைவா, மேகம் கறுப்பா, எனக்கே பயமா, எல்லாம். அதற்குப் பெயர் பிரீஃபிங்.

"அஞ்சு வருஷமா உன்கூட இருக்கேன்" என்றான் திலீப். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இன்னைக்குதான் மொத மொத என்னைப் பின்னாடி பாசஞ்சர் சீட்டுல உக்கார வச்சிட்ட."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று மூச்சு விட்டது. கீழே யாரோ ஒரு பெரியவர் கைப்பேசியில் சத்தமாகப் பழைய பாடல் கேட்டபடி ஏறினார்.

"பிரீஃபிங் பண்ணவா?" என்றாள் இனியா மெல்ல.

"பண்ணு."

"கெட்டது முதல்ல. ஜெட் கம்பெனி என்னை எடுத்தாங்க, ஆனா காத்திருப்போர் வரிசையிலதான் எடுத்திருக்காங்க. ஆறு மாசத்துல கூப்பிடலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். அதுவரைக்கும் பறக்க முடியாது. பறக்காம இருந்தா கை மறந்துடும்."

"அடுத்தது?"

"கூச்சிங் கம்பெனி, கடல் தாண்டி அந்தப் பக்கம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். ரெண்டு பக்கமும் காத்தாடி வச்ச சின்ன பிளேன். ஆறு வாரத்துல சேரணும். மூணு வருஷ ஒப்பந்தம். அங்கேயே தங்கணும்." நிறுத்தினாள். "திலீப், நேர்காணலுக்குப் போனப்ப அவங்க என்னை ஒரு நாள் பிளேன்ல ஏத்திக் காட்டினாங்க. மலைக்கு நடுவுல ஒரு ஊரு. ரன்வே ரொம்பச் சின்னது, இந்தப் பக்கம் குன்று, அந்தப் பக்கம் ஆறு. எறங்கினா ஊரே வந்து நிக்குது. ஒருத்தர் பிறந்தநாள் கேக்க மடியில வச்சுக்கிட்டு வந்தாரு, சாயாம எறக்கினதுக்கு கேப்டன் கையைப் புடிச்சுக் குலுக்கினாரு. ஒரு நாளைக்கு ஆறு தடவை எறங்கணும். ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி. எனக்கு…" அவள் குரல் உடைந்தது. "எனக்கு அதுதான் வேணும். ஜெட் வேணாம்னு இல்ல. ஆனா இப்ப அதுதான் வேணும்."

"அப்புறம் ஏன் அங்க அப்படிச் சொன்ன?"

"வீடு வரப் போகுது. கல்யாணம் ஆன கையோட உன்னை அந்த வீட்டுல தனியா விட்டுட்டுப் போறதா? உன் அம்மா என்ன நினைப்பாங்க? நீ கஷ்டப்பட்டாலும் போன்னுதான் சொல்லுவ. அந்தக் கஷ்டத்த உனக்குக் குடுக்க வேணாம்னு…"

"எனக்குப் பதிலா நீயே யோசிச்சு, நீயே முடிவு பண்ணி, நீயே அறிவிப்பும் பண்ணிட்ட."

அவள் தலையாட்டினாள். கண்ணீர் மூக்கின் நுனியில் வந்து நின்றது. திலீப் எழுந்து நடைபாதையைத் தாண்டி வந்து, அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். சட்டைப்பையில் இருந்த மருத்துவமனைப் பஞ்சுத் துணியை எடுத்து அவள் மூக்கைத் துடைத்தான். குழந்தை நோயாளிகளுக்குத் துடைக்கும் அதே லாவகம்.

"என் முறை" என்றான். "நானும் கெட்டத முதல்ல சொல்றேன். நீ போறது எனக்குப் பிடிக்கல. கொஞ்சம்கூடப் பிடிக்கல. அந்தக் குன்று, ஆறு எல்லாம் கேக்கும்போதே போகாதேன்னு வாய் வரைக்கும் வருது."

"அப்ப சொல்லேன்."

"சொன்னா நீ இருந்துடுவ லா. அதான் பயம்." அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "ரெண்டு வருஷம் போன் எப்ப அடிக்கும், எப்ப அடிக்கும்னு நீ செம்பவாங் ஜன்னல்ல நிப்ப. மேல ஏதாவது பிளேன் போனா பேச்ச நிறுத்திட்டு அண்ணாந்து பாப்ப. நான் உள்ள உக்காந்து அதைப் பாத்துக்கிட்டே இருப்பேன். அந்த வீடு எனக்கு வேணாம்."

இனியா அவன் கையைப் பற்றினாள். இரவு முழுக்க கிருமிநாசினி பூசிப் பூசி வறண்டுபோன கை.

"கூச்சிங்குக்கு எவ்வளவு நேரம்?" என்றான்.

"ஒண்ணரை மணி நேரம்."

"என் அத்தை வீட்டுக்கு ஜூரோங் போகவே அவ்வளவு ஆகுது. எனக்கு நைட் முடிஞ்சா அடுத்து லீவு வரும். உன் ரோஸ்டர அனுப்பு, என் ரோஸ்டர் பக்கத்துல வச்சுப் பாக்கலாம். பழக்கம்தானே நமக்கு?" கொஞ்சம் யோசித்தான். "ஆனா மூணு கண்டிஷன். ஒண்ணு, நீ போறதுக்கு முன்னாடி பதிவுத் திருமணம். கோயில் கல்யாணம் அப்புறம் மெதுவா, உன் அம்மா இஷ்டத்துக்கு. ரெண்டு, சாவி வாங்குற அன்னைக்கு நீ வந்தாகணும். நான் தனியா வாங்கமாட்டேன்."

"மூணாவது?"

"போன் பண்ணும்போது அந்தக் குரல் வேணாம். அங்க ஏதாவது மோசமா இருந்தா மோசம்னு சொல்லணும்."

"சரி." அவள் சிரித்தாள், அழுகையோடு. "சமையலறைக்குப் பெயின்ட்டு?"

"நானே எடுத்துக்கிறேன். கத்திரிப்பூ கலர்."

"திலீப்!"

"அதுக்குத்தான் அடிக்கடி லீவு போட்டு வரணும்னு சொல்றேன்."

பஸ் ஈசூனை நெருங்கும்போது அவள் கூச்சிங்குக்குப் பதில் எழுதினாள். இரண்டே வரி. அனுப்பும் முன் கைப்பேசியை அவன் பக்கம் நீட்டினாள். அவன் படித்துப் பார்த்து, "கன்ஃபர்ம்" என்று, அவள் சொல்லிக்கொடுத்த அதே தொனியில் சொன்னான். அவள் அழுத்தினாள். பிறகு ஜெட் கம்பெனிக்கும், மன்னிப்புக் கேட்டு ஒரு நன்றிக் கடிதம்.

முனையத்தில் மற்ற எல்லோரும் இறங்கி, எஞ்சின் அடங்கிய பிறகுதான் தங்கராஜு, கீழ்த்தட்டுக்கு வந்து நின்ற இருவர் பக்கமும் திரும்பினார். "என்னம்மா, கண்ணு ஏன் வீங்கியிருக்கு? டேய் திலீப், என்ன சொன்ன அவள?"

"அப்பா, ஜெட் வேணாம்னு எழுதிட்டேன். கூச்சிங் போறேன். காத்தாடி வச்ச பிளேன்."

தங்கராஜு முகம் விழுந்தது. டிப்போ முழுக்கச் சொல்லிவைத்திருந்தாரே. "கூச்சிங்கா? அவ்வளவு தூரமா? எத்தனை பேரு உக்காரலாம் அதுல?"

"எழுபது."

"எழுபதா! என் வண்டியில ஏத்துறதுல பாதிதானே."

"ஆனா ஒரு நாளைக்கு ஆறு ஊர்ல எறக்கி ஏத்தணும்பா."

அவர் மகளையே பார்த்தார். பிறகு திலீப்பைப் பார்த்தார். "நீ என்னடா சொல்ற?"

"எனக்குப் பிடிக்கல மாமா. அதை அவகிட்டயும் சொல்லிட்டேன். போய்ட்டு வரட்டும். அதுக்கு முன்னாடி ரிஜிஸ்டர் பண்ணிடறோம்."

"பிடிக்கல, ஆனா போகட்டுமா? என்ன ஜோடிடா நீங்க" என்று தலையில் கைவைத்த தங்கராஜு, இருக்கை பெல்ட்டைக் கழற்றி இறங்கி வந்து, மகள் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு, அடுத்த பஸ்ஸில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நண்பர் ஹுசைனைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

"ஹுசைன் பாய்! பொண்ணு ஜெட்டு ஓட்டப் போறான்னு சொன்னேன்ல? அது இல்ல. என்னை மாதிரியே ஸ்டாப்பு ஸ்டாப்பா நிறுத்துற வண்டி!"

இனியா திரும்பிப் பார்த்தாள். திலீப் ஏற்கெனவே செம்பவாங் பஸ்ஸின் வரிசையில் நின்று, வரச் சொல்லிக் கையசைத்துக்கொண்டிருந்தான்.