கட்டுக்கு இருபது

விடியுமுன் சலவைக்கூடத்தின் கதவைத் திறந்தால் முதலில் வருவது ஆவி. அதன் பின்னால்தான் பெண்கள் தெரிவார்கள். ஈரத்தில் கனக்கும் மருத்துவமனை விரிப்புகளை இருவர் இருவராக இழுத்து, உதறி, விளிம்பு பிசகாமல் சூட்டு உருளைக்குள் ஊட்டுவார்கள். மறுபக்கம் வருவதைச் சூடு ஆறுமுன் மடிக்க வேண்டும். அவர்கள் விரல் நுனிகளில் ரேகை கிடையாது. சோப்புத்தூள் தின்றது போக மிச்சத்தை உருளை தின்றிருக்கும்.

நான் மாடியில், கண்ணாடி அறையில் கணினி வேலை பார்த்தேன். என் மனைவி கீழே மடித்தாள். ஆவிக்குள்ளிருந்து ஒருநாள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அப்படித்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆனது.

அங்கே வேலைக்குத் தினமும் ஏலம். நாலரை மணியிலிருந்து ஐந்து வரை, போனில். கூலி மாறாது. இன்று இத்தனை விரிப்பு மடிக்கிறேன் என்று அதிகம் சொல்லும் நாற்பது பேருக்கு வேலை. மற்றவர்கள் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம்.

கூட்டம் கூடினால் ஏலத்தளம் தாங்குமா என்று சோதிக்க ஒரு நிரல் எழுதினேன். அதற்கென்றே லைப்ரரி என்று ஒரு ஆயத்த நிரல்தொகுப்பு இருக்கிறது. மாதிரிக்கு ஒரு ஏலக் கோரிக்கையைக் கொடுத்தால், பெயரை மாற்றி, வயதை மாற்றி, போன் எண்ணை மாற்றி, நூறு நூறாக அனுப்பும். நூறு பெண்கள் நூறு வீட்டிலிருந்து அழுத்தியதுபோலவே இருக்கும். எண்கள் ஒழுங்காக வந்தால் பொய் என்று தெரிந்துவிடும் என்பதால், 437, 451 என்று தாறுமாறாக வரும்படி செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதலாளி பார்த்தார். "நல்லா இருக்கே. இத நெஜ ஏலத்துல விடு. முடியறதுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது இந்தப் பொய் ஆளுங்க எல்லாரும் வெலகிடணும்."

விட்டேன். பொய் ஆட்கள் ஏற்றிவிட்டு விலகினார்கள். நிஜப் பெண்கள் ஏறிய இடத்திலேயே நின்றார்கள். முந்நூறில் இருந்த ஏலம் இரண்டு மாதத்தில் நானூற்றைம்பதைத் தாண்டியது.

என் மனைவி பக்கத்தில் படுத்தபடியேதான் போனை அழுத்துவாள். "யாருடி இவ, பேய் மாதிரி மடிக்கிறா" என்று திட்டுவாள். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஒருநாள் என் நிரல் 457 என்றது. அவள் 460 என்று அழுத்தினாள். அன்று மதியம் உருளை அவள் கையைத் தோள்வரை இழுத்தது. மூன்றாம் நாள் இறந்தாள்.

காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனேன். நிரலை ஓடவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா வந்தாள். அவளும் மடிப்புக்காரி. கூட நாலைந்து பெண்கள். ஒரு தாளை நீட்டினாள். ஏலத்தில் வந்த எண்கள்.

"தம்பி, நீங்க படிச்சவரு. பாத்துச் சொல்லுங்க. கட்டுக்கு இருபது விரிப்பு. இருபது சேந்தாத்தான் கயிறு போடுவோம். முந்நூறு, முந்நூத்தி இருபதுன்னு கட்டாத்தான் ஏலத்துல சொல்லுவோம். நானூத்தி முப்பத்தேழுன்னு எவ சொல்லுவா?"

"மிச்சம் பதினேழ வீட்டுக்குப் போத்திக்க எடுத்துட்டுப் போறாளோ என்னவோ" என்றாள் கூட வந்தவர்களில் ஒருத்தி, குள்ளச்சி என்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

மாடியில் ஏழு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். கட்டுக்கு இருபது என்று எனக்குத் தெரியாது. என் மனைவி தினமும் போட்ட முடிச்சு அது.

"இதுங்க மனுஷங்களே இல்ல தம்பி. யாரோ பண்ற வேல."

"நான்தான்" என்றேன்.

சிரிப்பு நின்றது. மீதியையும் சொன்னேன். 457-ஐயும் சொன்னேன். அக்கா தாளை நாலாக மடித்தாள்.

"அவ உங்க பக்கத்துல படுத்துக்கிட்டுத்தான அழுத்துனா?"

"ஆமா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"ஒடனே அத நிறுத்தச் சொல்லு" என்றாள் குள்ளச்சி.

"வேணாம்" என்றாள் அக்கா. "நிறுத்துனா இவர அனுப்பிட்டு இன்னொருத்தர வச்சு ஓட்டுவான். நாளைக்கு எல்லாரும் முந்நூறு போடுவோம். ஒருத்திகூட ஏத்தக் கூடாது. அதுங்களே ஜெயிக்கட்டும். வந்து மடிக்கட்டும்."

"கடைசி நிமிஷத்துல வெலகிடும்" என்றேன்.

"வெலகாமப் பண்ண முடியுமா?"

"ஒரு வரிய எடுத்தாப் போதும்."

"எடுங்க." அதற்குப் பிறகு அவள் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போனார்கள். நான் அந்த வரியை எடுத்தேன்.

காலையில் திரை முழுக்க முந்நூறு, முந்நூறு, முந்நூறு. அவற்றுக்கு மேலே 437, 451 என்று நாற்பது இடத்தையும் பொய் ஆட்களே பிடித்திருந்தார்கள். ஐந்தரைக்கு வாசல் திறந்தது. வெளியே நூற்றுமுப்பது பெண்கள் நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே போகவில்லை. நான் மாடிக்குப் போகாமல் அவர்களுக்குப் பின்னால், ஒதுங்கி நின்றேன். அழுக்கு விரிப்பு வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன.

"என்ன வேடிக்க? உள்ள போங்க" என்றார் முதலாளி.

"எங்களுக்குக் கெடைக்கலையே மொதலாளி. நானூத்தி முப்பத்தேழு போட்டவ வருவா, கொஞ்சம் பொறுங்க" என்றாள் குள்ளச்சி.

"வெளையாடுறியா?"

"ரொம்ப அடக்கமான பொண்ணுங்க மொதலாளி. காலடிச் சத்தமே கேக்காது."

அவர் கண் என்மேல் விழுந்தது. "நீ ஏன்டா இங்க நிக்கிற? மேல போய்ச் சரி பண்ணு."

"அந்தப் பொய் ஆளுங்க அத்தன பேரும் நான்தான்னு இவங்ககிட்ட சொல்லிட்டேன் சார்."

"உன் வேல போச்சு."

"தெரியும் சார்."

"பசிச்சா நாளைக்கு இவளுங்களே நானூறு போடுவாளுங்க. பாக்கறேன்."

"பாருங்க. நாங்களும் இங்கயே நின்னு பாக்கறோம்" என்றாள் அக்கா. அவர் உள்ளே போனார். பெண்கள் நகரவில்லை. யாரும் என் பக்கம் திரும்பவும் இல்லை. அதில் தவறில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முதல் வண்டிக்காரர் இறங்கி என்னிடம் வந்தார்.

"தம்பி, எங்களுக்கும் போன்லதான் ட்ரிப் ஏலம், கொறச்சுக் கேட்டவனுக்கு. முடியப் போற நேரத்துல பாதிப் பேரு காணாமப் போயிடுவான். தூங்கிட்டானுங்கன்னு நாங்க சிரிச்சுக்குவோம்..." முடிக்காமல் என்னையே பார்த்தார்.

அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"அத எழுதுனது யாருன்னு தெரியாதுண்ணே. எப்படிப் பண்றாங்கன்னு காட்ட முடியும்."

அக்கா திரும்பினாள். என்னையல்ல, அவரைப் பார்த்தாள்.

"உங்க ஆளுங்களக் கூட்டிட்டு வாங்கண்ணே. எல்லாருக்கும் சேத்தே காட்டட்டும்."

அவர் தன் வண்டியின் இன்ஜினை அணைத்துவிட்டுப் போனை எடுத்தார். பின்னால் நின்ற வண்டியும் அணைந்தது. அதற்குப் பின்னால் நின்றதும்.