ஸெனோன் பெயருக்கு முன்னால் ஒரு குறி

போலந்தின் கிராக்கூவ் நகரத்து அச்சகம் ஒன்றில் ஃபெலிட்சியா எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தாள். அந்த வசந்தத்தில் வந்த வேலை, ஒரு பள்ளியின் பழைய மாணவர் பட்டியல். இறந்தவர் பெயருக்கு முன்னால் சிலுவை போன்ற கத்திக் குறி வைக்கவேண்டும். போர் ஓய்ந்து நான்காண்டுதான் ஆகியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அந்தக் குறி.

எழுபதாம் பக்கத்தில் அவள் கணவன் ஸெனோனின் பெயர் வந்தது. போருக்குப் போனவன். எட்டாண்டாகக் கடிதமும் இல்லை, சடலமும் இல்லை. கையெழுத்துப் பிரதியில் அவனுக்கும் குறி போட்டிருந்தார்கள். அவள் அதை மட்டும் விட்டுவிட்டுக் கோத்தாள்.

இரண்டு முறை திருத்தம் வந்தது. இரண்டு முறையும் விட்டாள். மூன்றாம் முறை மெய்ப்புத் திருத்துபவர் ஹிலாரியே வந்து நின்றார்.

"ஏம்மா, என் கண்ணு அவிஞ்சுபோச்சுன்னு நினைச்சியா?"

"அவர் செத்ததை யார் சார் பாத்தா?"

முன்பு கிரேக்கம் கற்பித்தவர் ஹிலாரி. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கிரேக்கத்துல இதோட பேரு கறி சுடுற கம்பி. பழைய பாட்டைப் படியெடுக்கிறவங்க, ஒரு வரி மேல சந்தேகம் வந்தா பக்கத்துல இதைப் போடுவாங்க. வரியை அடிக்க மாட்டாங்க. சாவுக்கு இதைப் போட்டதெல்லாம் பின்னாடிதான்."

"படிக்கிறவங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியாது. உனக்குத் தெரியும்ல."

அவள் குறியை எடுத்து வைத்தாள். அழுகை வரவில்லை. ஆச்சரியம், நெஞ்சு லேசாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க வயிறாரச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை, அச்சுப் பொறி ஓட்டும் பையன் விட், அச்சான தாள்களோடு ஓடிவந்தான்.

"அக்கா, முந்நூறு தாள் வரைக்கும் அந்தக் குறி இருக்கு. அப்புறம் காணோம்!"

அச்சுச் சட்டத்தில் ஸெனோன் பெயருக்கு முன்னால் வெறும் பள்ளம். ஓர் எழுத்து விழுந்தால் அந்த வரியே ஆட்டம் காணும். இந்த வரியோ அசையவில்லை, இறுகி நின்றது. தரையைப் பெருக்கினார்கள், உருளைகளைக் கழற்றினார்கள். குறி கிடைக்கவில்லை.

"நீ பிடுங்கினியா?" ஹிலாரி மெல்லக் கேட்டார்.

"சத்தியமா இல்ல சார். செத்துப்போனார்னு நினைச்சு நிம்மதியா இருந்தேன். அதுக்கும் விடமாட்டேங்கிறாரே!"

புதுக் குறி ஒன்றை எடுத்து நீட்டினான் விட். அவள் வாங்கவில்லை. மீதித் தாள்கள் அப்படியே அச்சாயின.

குறியில்லாத தாள் ஒன்றை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். பீட்ரூட் சூப்பை இரண்டு தட்டில் ஊற்றிவிட்டுத்தான் என்ன செய்தோம் என்று பார்த்தாள்.